சம்மதம்மா

"நேத்து என்ன கனவு கண்டீங்க?"

கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார் சம்மதம்மா. கனவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி. எதிரில் இருப்பவரின் முகம் துலக்கமாகத் தெரிந்தால், அவர் சொல்லாத பாதியையும் நாமே சேர்த்துக்கொள்வோமாம்.

எதிரில் பச்சை அங்கியில் ஒரு பெரியவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணில் புரை எடுக்க வந்திருக்கிறார். கைகள் இரண்டையும் முழங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, வேண்டாத வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க வீட்டு ஜன்னலுக்கு யாரோ புதுசா கண்ணாடி மாத்துறாங்கம்மா. நான் உள்ள நின்னு பாக்குறேன்."

"கண்ணாடியை மட்டும் மாத்துனாங்களா, ஜன்னலையே பேத்து எடுத்துட்டாங்களா?"

பெரியவர் யோசிக்கிறார். "கண்ணாடி மட்டும்தான்."

"அப்ப புரிஞ்சுதான் வந்திருக்கீங்க. சம்மதமா?"

"சம்மதம்மா."

கண்ணாடி திரும்ப மூக்குக்கு ஏறுகிறது. அதற்குப் பிறகுதான் பேனா.

மூன்றாம் மாடி நடையின் கோடியில், அறுவைக் கூடத்தின் இரட்டைக் கதவுக்கு முன்னால் அவருக்கு ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. மேசைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல். அதற்கு மங்கல் கண்ணாடி. காலை ஏழு மணி வெயில் அந்த வழியாக வெயிலாக வராது. அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்து வந்து தரையெல்லாம் பரவும். அதில் சக்கரக் கட்டில்கள் படகு மாதிரி சத்தமில்லாமல் மிதந்து போகும். தள்ளுகிறவர்கள் காலில் ரப்பர் செருப்பு. பேச்செல்லாம் குளத்துக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்கும். பெஞ்சில் இருப்பவர்களோ முதல்நாள் மாலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவர்கள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஒரு வாசற்படி இருக்குமானால், அது அந்தப் பெஞ்சுதான்.

கத்தி வைக்கும் முன் கையெழுத்து வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாளுக்கு ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பெயர் "அறுவைச் சிகிச்சைக்கான தகவலறிந்த ஒப்புதல் படிவம்". இதை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். படிக்கத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் அன்றைக்கு எழுத்துக் கண்ணில் நிற்காதவர்களுக்கும் அதைப் படித்துச் சொல்வது இவருடைய வேலை. படித்து முடித்து "சம்மதமா?" என்பார். "சம்மதம்மா" என்பார்கள். இருபத்து மூன்று வருஷமாக இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் ஒன்றோடொன்று உரசி உரசி, கடைசியில் பதிலே பெயராகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. ஒருநாள் புதிதாக வந்த எழுத்தர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று இவரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்.

படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் அவர்தான் என்பதால், சிறு வயதிலேயே அந்தக் கூட்டுக் குடும்பத்துக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். "படிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது. சித்திக்கு வந்ததைச் சித்தப்பா இருக்கும்போது படிக்கக் கூடாது. சித்தப்பாவுக்கு வந்ததை யார் இருக்கும்போதும் படிக்கக் கூடாது" என்பார். முதலில் பதினோரு வருஷம் துணி அறையில் போர்வை மடித்தார். ஒருநாள் போர்வைக் கட்டோடு நடையில் வந்தவர், ஒரு பெரிய டாக்டர் அரைமணி நேரமாகச் சொல்லியும் ஒரு குடும்பத்துக்குப் புரியாததை நின்ற வாக்கில் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அந்த டாக்டரே நாற்காலி போடச் சொன்னார்.

பெஞ்சைப் பார்த்தால் போதும், உறவு முறை தெரிந்துவிடும் அவருக்கு. பையைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் தம்பி. போனில் சத்தமாகப் பேசுகிறவர் மாப்பிள்ளை. தண்ணீர் பாட்டிலை மூடித் திறந்து மூடித் திறந்து செய்துகொண்டிருப்பவள் மகள். எல்லாருக்கும் தள்ளி, சம்பந்தமே இல்லாத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருவர் இருந்தால், அவருக்குத்தான் துக்கம் அதிகம். "கையெழுத்துப் போடுறது ஒருத்தர், தலையாட்டுறது ஒருத்தர், கத்தி படுறது ஒருத்தருக்கு. மூணு பேரையும் ஒரே ஆளாக்கி உள்ள அனுப்புறதுதான் என் வேலை" என்று நர்சுகளிடம் சொல்வார்.

கனவு கேட்கும் பழக்கம் ஒரு செருப்பால் வந்தது. தச்சு வேலை செய்யும் ஒரு மனிதர் குடல் இறக்கத்துக்கு வந்திருந்தார். எல்லாம் படித்துக் காட்டினார் சம்மதம்மா, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் தச்சர். எழுந்து போகும்போது, "கனவுல என் பொஞ்சாதி ஒத்தைச் செருப்பு மட்டும் துடைச்சு வெக்கிறாம்மா. இன்னொண்ணு எங்கடின்னா, எதுக்குங்கிறா" என்றார். திரும்ப உட்கார வைத்து விசாரித்தால், தொடைப்பக்கம் கத்தி வைப்பார்கள் என்று யாரோ சொன்னதை, தொடையோடு காலை எடுக்கப்போகிறார்கள் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கும் சம்மதித்துத்தான் வந்திருக்கிறார். மனிதர் அழவே இல்லை. இரண்டு காலும் இருக்கும் என்று தெரிந்த பிறகுதான் அழுதார். அன்றைக்கு சம்மதம்மாவுக்கு ஒன்று விளங்கியது. பசியோடு இருக்கிறவனிடம் "புரிஞ்சுதா" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்பான், சீக்கிரம் முடியட்டும் என்று. கனவுக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது.

அப்படிச் சேர்ந்த கனவுகள் ஒரு வண்டி இருக்கும். மாடிப்படியில் ஏறிக்கொண்டே இருந்து கூரைக்கு மேல் போய்விட்ட பெண் ஒருத்தி. தன் மூச்சை ஒரு டப்பாவில் போட்டு அடுத்த வீட்டில் கொடுத்து வைத்த தையற்காரர். வீட்டில் துணி துவைக்கும்போது யாரோ கண்ட கனவு நுரையில் வந்து நிற்கும். துவைத்துக்கொண்டே அந்த மாடிப்படியில் நாலு படி ஏறிவிட்டு வருவார். "உங்களுக்குக் கனவே வராதா?" என்று கேட்டால், "எனக்கு எதுக்கு? வர்றவங்க கண்டதே மிச்சம் கெடக்கு" என்பார்.

எல்லாம் சரியாகவே செய்தார் என்றும் சொல்வதற்கில்லை. லாரி ஓட்டும் ஒருவருக்குக் குடல்வால் எடுத்தபோது, "மூணு சின்ன ஓட்டைதான் போடுவாங்க, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே போனால் சீழ் கட்டியிருந்தது, வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. "தேவைப்படின் திறந்த முறைக்கு மாற்றப்படும்" என்று தாளில் இருக்கத்தான் இருக்கிறது. பயந்துவிடுவார் என்று இவர்தான் அதைத் தாண்டிப் படித்தார். உயிர் பிழைத்து எழுந்தவர், "அந்தம்மா மூணு ஓட்டைன்னு சொன்னாங்க, எனக்கு ஒரு சாண் கிழிச்சிருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "அவர் எழுதுனது நெசம். நான் முழுங்குனது தப்பு" என்று சம்மதம்மா எல்லாரிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அந்தப் புகாரின் பின்னாலேயே வந்தார் சட்டத்தம்பி. ஆஸ்பத்திரியின் சட்ட ஆலோசகர். முப்பது வயதுக்கு மேல் போகாது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் நீலக் கோப்பு, நடக்கும்போதே படித்துக்கொண்டு வரும் வழக்கம். கெட்டவர் இல்லை. சம்மதம்மாவின் மேசைக்கு வந்து, நின்றுகொண்டே பேசாமல் உட்கார்ந்து பேசினார்.

"இனி அச்சில இருக்கறதை மட்டும் படிங்கம்மா. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நீங்க வாயால சொல்றதுக்கு நாளைக்கு கோர்ட்ல யாரும் பொறுப்பேத்துக்க முடியாது."

"அச்சில இருக்கறது உங்க பாஷை தம்பி. அவங்க பாஷை இல்லியே."

"புரியலேன்னா டாக்டரைக் கேக்கட்டும்."

"டாக்டர் வர்றப்ப அவங்க மயக்கத்துல இருப்பாங்க."

சட்டத்தம்பி சிரித்துவிட்டார். சிரித்தாலும் பிடியை விடவில்லை. "இன்னொண்ணு. கனவு என்ன கண்டேன்னு கேக்குறீங்களாமே. அதெல்லாம் வேண்டாம். ஒரு வாரம் நான் பக்கத்துலேயே உக்காந்து பாக்கப்போறேன். மீறினா உங்களைத் துணி அறைக்கு மாத்தச் சொல்லி எழுத வேண்டியிருக்கும். நான் ஆசைப்பட்டு எழுத மாட்டேன், ஆனா எழுதுவேன்."

போர்வை மடிப்பதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் இருப்பவர்கள் என்ன நினைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள் என்று தெரியாமலே அவர்கள் போர்வையை மட்டும் மடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அவரை உறுத்தியது. முதல்நாளும் படித்தார். இரண்டாம் நாளும் படித்தார். குழாயில் தண்ணீர் விழுவது போல ஒரே சீராக, தாளில் இருந்தது இருந்தபடி. "சம்மதமா?" "சம்மதம்மா." ஒவ்வொருவர் எழுந்து போகும்போதும், இவர் என்ன கண்டிருப்பார் என்று முதுகைப் பார்த்தபடி இருப்பார். கேட்கப்படாத கனவுகள் வீட்டுக்கு வரவும் இல்லை. துணி துவைத்தால் வெறும் நுரைதான் இருந்தது.

நான்காம் நாள் காலை வந்தார்கள் அந்த மூவரும். தையல் மிஷினில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி, அவள் கணவன், கணவனின் அக்கா. நாத்தனார் முன்னால் வந்தாள், கணவன் நடுவில், பச்சை அங்கியில் தையற்காரப் பெண் கடைசியில். வந்த வரிசையைப் பார்த்ததுமே சம்மதம்மா பேனாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க போடணும் கையெழுத்து?" என்றாள் நாத்தனார். "எங்க வீட்டுல எதுன்னாலும் நான்தான் பேசறது. தம்பி வாயில்லாப் பூச்சி. இவ அதுக்கும் மேல."

"அவங்களை உக்காரச் சொல்லுங்க."

தையற்காரப் பெண் உட்கார்ந்தாள். நாலு வருஷம் ஆகிறதாம் கல்யாணமாகி. வயிற்று வலி வந்து வந்து போய், ஸ்கேன் எடுத்து, கல் என்று சொல்லி, இப்போது அறுவைச் சிகிச்சை. கணவன் உறவினருக்கான இடத்தில் முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தான், கீழே வார்டிலேயே. மை காய்ந்து போயிருந்தது. சம்மதம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படிக்க ஆரம்பித்தார்.

"லேப்ராஸ்கோபிக் கோலிசிஸ்டெக்டமி எனப்படும் அறுவைச் சிகிச்சையை எனக்குச் செய்வதற்கு..."

"சம்மதம்மா" என்றாள் பெண்.

"இன்னும் முடியலம்மா."

"பரவால்லம்மா. சம்மதம்."

குரலில் பயம் இல்லை. பயம் இருந்திருந்தால் சம்மதம்மாவுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியைக் கொடுக்க வந்தவள் போல இருந்தாள். வெறும் கல்லுக்கு யாரும் இப்படிச் சாவி கொடுக்க மாட்டார்கள். பக்கத்தில் சட்டத்தம்பி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். சம்மதம்மா படித்தார். மயக்க மருந்து, ரத்தப்போக்கு, தொற்று, திறந்த முறைக்கு மாற்றம், ஒன்று விடாமல். ஜன்னல் வெளிச்சம் தாளின் மேல் மெல்ல நகர்ந்து கடைசி வரிக்கு வந்தது. எல்லாப் படிவத்திலும் இருக்கும் வரிதான் அது. ஆயிரம் தடவை படித்தது.

அங்கே நின்றுவிட்டார். வலது உள்ளங்கையை விரித்து அந்த வரியின் மேல் வைத்து மூடினார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் சட்டத்தம்பி.

"இந்த வரியைப் படிச்சா பொய்யாயிடும் தம்பி."

"எந்த வரி?"

"'மேற்கண்டவை அனைத்தும் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன.' நான் இன்னும் விளக்கலியே. அச்சில இருக்கறபடி படின்னு சொன்னீங்க, படிச்சேன். இதுவும் அச்சில இருக்கறதுதான். இதை நான் விளக்காம அவ கையெழுத்துப் போட்டா, போட்டது பொய்க் கையெழுத்து. சாட்சின்னு கீழ நான் போடுறதும் பொய்."

சட்டத்தம்பி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். தாளை வாங்கிப் பார்க்கலாம் என்றால் கை அதன் மேல் இருக்கிறது.

"கையை எடுங்கம்மா."

"எடுக்கறேன். அவளுக்குப் புரியட்டும், எடுக்கறேன். துணி அறைக்குன்னாலும் இதோ இப்படியே எந்திரிச்சுப் போறேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் தூக்கம் கலைந்து பார்த்தார்கள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "என்ன புரியணும்? பையை எடுக்கறாங்க, அவ்வளவுதான? வார்டுல சின்ன டாக்டரு எங்கிட்டதான் சொன்னாரு. பையில கல்லு நிறைய இருக்கு, பையோட எடுத்துடறதுதான் நல்லது, பை இல்லாமலே நிறைய பேர் நல்லா இருக்காங்கன்னாரு. நான்தான் வீட்டுல வந்து தம்பிக்கும் இவளுக்கும் தனித்தனியா சொன்னேன்."

சட்டத்தம்பி ஒருமுறை நாத்தனாரைப் பார்த்தார். ஒருமுறை தாளின் மேல் இருந்த கையைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடாமலே, "சரி, கேளுங்க" என்றார். எதைக் கேட்கச் சொன்னார் என்று அவருக்கே தெளிவாகத் தெரிந்ததோ இல்லையோ, சம்மதம்மா இடது கையால் கண்ணாடியைக் கழற்றியாயிற்று.

"நேத்து என்னம்மா கனவு கண்டே?"

அந்தப் பெண் நாத்தனாரைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். சொல்லும்போது அவள் குரல் யாருடையதோ போல இருந்தது.

"எங்க வீட்டு முன்னறையில ஒரு குட்டி நாற்காலி இருக்கும்மா. நெசத்துல இல்ல, கனவுல. மஞ்சள் பெயின்ட் அடிச்சது. யாரும் அதுல உக்காந்ததில்ல. நான் தினம் துடைப்பேன். நேத்து நாலு பேரு வந்து அதைத் தூக்கிட்டுப் போறாங்க. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு வழி விட்டு நிக்கிறேன். படியில இடிச்சுடாதீங்கன்னு மட்டும் சொல்றேன்."

நடையில் ஒரு சக்கரக் கட்டில் வந்தது. தள்ளியவரும் நின்றுவிட்டார்.

சம்மதம்மா குனிந்து, கிட்டத்தில் போய்க் கேட்டார். "எந்தப் பையை எடுக்கறாங்கன்னு நினைச்சுட்டு இருக்கே கண்ணு?"

அவள் கை போய் அடிவயிற்றில் நின்றது.

"அதில்லம்மா" என்றார் சம்மதம்மா. வலது கை தாளைவிட்டு நகரவில்லை. இடது கையால் அவள் விரலைப் பிடித்து மேலே கொண்டுபோனார். வலதுபக்க விலா எலும்புக்குக் கீழே வைத்தார். "இது. பித்தப்பை. நம்ம உடம்புக்குள்ள பைக்கா பஞ்சம்? இரைப்பை, சிறுநீர்ப்பை, கருப்பை, பித்தப்பை. படைச்சவன் உன்னை மாதிரி தையல்காரனா இருந்திருப்பான், துணி மிஞ்சுனப்ப எல்லாம் ஒரு பை தச்சு மாட்டிட்டான். இதுல கடைசிப் பையிலதான் கல்லு. அந்தப் பை ஒரு விரல் நீளம் இருக்கும். மூணு சின்ன ஓட்டை போட்டு அதைத்தான் எடுக்கறாங்க, முடியலேன்னா பெருசாத் திறப்பாங்க. பிள்ளை தங்குற பையை யாரும் தொடப்போறதில்ல."

பெண் அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடும் என்று தூக்கத்தில் நினைப்போமே, அப்படி இருந்தாள்.

"கல்லு இருந்தா எப்படித் தங்கும், அதான் நாலு வருஷமா இல்லேன்னு..." என்று நாத்தனார் இழுத்தாள். பாதியில் அவளுக்கே சத்தம் இறங்கிவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, இவங்க வளக்கட்டும்னு என் சின்னப் பிள்ளையைக் குடுக்கறேன்னு சொல்லிட்டேனே. மூணு வயசு. அது துணியெல்லாம் தனியா மடிச்சுக்கூட வெச்சுட்டேன். பத்து நாளா எனக்குச் சோறு எறங்கல."

"குடுக்கறேன்னு சொன்னது பெரிய மனசு" என்றார் சம்மதம்மா. "காதுதான் கொஞ்சம் சின்னது."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அப்ப என் பிள்ளை எனக்கேவா?"

"உங்களுக்கேதான். போய்த் துணியைக் கலைச்சு வைங்க."

தையற்காரப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கணவனின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்மதம்மாவின் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், காய்ந்த நீல மையில், அவசரமாகப் போட்ட கையெழுத்து.

"உங்களுக்கும் தெரியுமா?" என்றாள். "அந்தப் பைன்னு நினைச்சுத்தான் போட்டீங்களா?"

வாயில்லாப் பூச்சி என்று அக்கா சொன்னவன் வாயைத் திறந்தான். "நீ பொழைச்சா போதும்னு போட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். தெரியாமலே முடிஞ்சுட்டா நல்லதுன்னு."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

பத்து நாள். ஒரே வீடு, ஒரே விளக்கு. நடுவில் அந்த மஞ்சள் நாற்காலியை வைத்துக்கொண்டு, மற்றவர் கால் இடித்துவிடக் கூடாதே என்று இருவரும் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள். இன்று யாரும் கேட்காமல் இருந்திருந்தால், எடுக்காத ஒன்றை எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர்கள் கிழடாகிப் போயிருப்பார்கள். அவளுடைய எந்த வலிக்கும், எந்த மாதவிலக்குக்கும் வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள். அப்படி இருப்பவர்கள் எத்தனை பேரோ. சம்மதம்மா அந்தப் பக்கம் யோசனையைப் போகவிடுவதில்லை.

கூடத்துக் கதவைத் திறந்து நர்சு தலையை நீட்டினாள். "இன்னும் முடியலையா?"

"முடியுது" என்றார் சம்மதம்மா. பெண்ணிடம் திரும்பினார். "நான் சொன்னதை நீ சொல்லு."

அவள் சொன்னாள். ஒவ்வொன்றையும் தைத்துப் பார்ப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "பித்தப்பை. இங்க இருக்கு. கல்லோட எடுக்கறாங்க. மூணு ஓட்டை. முடியலேன்னா பெருசாத் திறப்பாங்க. ரத்தம் போகலாம். சீழ் பிடிக்கலாம். இன்னொரு பையை..." கையை அடிவயிற்றில் வைத்தாள். "இன்னொரு பையை யாரும் தொட மாட்டாங்க."

"இவர் கையெழுத்து வேணுமா?" என்று அவளே சட்டத்தம்பியைக் கேட்டாள்.

"சட்டப்படி உங்களது போதும்" என்றார் அவர்.

"இருக்கட்டும்" என்றாள், கணவனைப் பார்க்காமலே. "போட்டது போட்டதா இருக்கட்டும்."

சம்மதம்மா கையை எடுத்தார். தாள் அந்த இடத்தில் வேர்வையில் நெளிந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூடி வைத்திருந்த வரியை உரக்கப் படித்தார். சம்மதமா என்று அவர் கேட்கவில்லை. அவள் பேனாவை வாங்கி, தன் பெயரை முழுதாக எழுதினாள். நாத்தனார் அவள் தோளில் கை வைத்து இரட்டைக் கதவுவரை கூடவே போனாள். கணவன் பின்னால் போய், கதவு மூடிய பிறகும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேசையில் தாள் இருந்தது. சாட்சி என்ற இடம் காலியாக இருந்தது. சம்மதம்மா அதில் கை வைக்கவில்லை. தாளைத் திருப்பிச் சட்டத்தம்பியின் பக்கம் நகர்த்தினார்.

"இன்னைக்கு நீங்க போடுங்க தம்பி. புரிய வெச்சேன்னு நானே சொல்லி, அதுக்கு நானே சாட்சியும் போட்டா நல்லா இருக்காது. இல்ல, போட முடியாதுன்னா அதையும் எழுதுங்க. நான் கீழ துணி அறைக்குப் போறேன்."

சட்டத்தம்பியின் நோட்டு இன்னும் திறந்தே இருந்தது. அன்றைய தேதி எழுதி, கீழே பாதி வாக்கியம் எழுதியிருந்தார். பெஞ்சில் அடுத்த ஆள் எழுந்து, கூப்பிடாமலே வரலாமா என்று தயங்கி நின்றார். சட்டத்தம்பி பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடவில்லை. ஆள்காட்டி விரலை அந்த நெளிந்த வரியின் முதல் எழுத்தில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை போல, உதடு மட்டும் அசைய, கடைசி எழுத்துவரை நகர்த்திக்கொண்டு போனார். பிறகு போட்டார்.